அறுபது விளையாட்டும் ஒரு வெளிச்சவீடும்

போன கிழமை கல்முனையில் ஒரு கடைக்குள் நின்றேன். பக்கத்தில் நின்ற இளைஞன் ஒரு கொம்பியூட்டர் விளையாட்டை விலை பேசிக்கொண்டிருந்தான். கதை எப்படி, காட்டுக்குள் போவதா கடலில் போவதா, ஒன்றும் கேட்கவில்லை. "இது எத்தன மணித்தியாலம் ஓடும்?" என்பது மட்டும்தான் அவனுடைய கேள்வி. கடைக்காரர் இருநூறு என்றார். அவன் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், அளவை மட்டும் பார்க்கிற அந்தக் கட்சிக்கு எங்கள் தெருவில் தலைவர், செயலாளர், ஒரேயொரு உறுப்பினர், எல்லாம் நான்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்குப் போக வேண்டும். நான் ஒரு சைக்கிளும் ஒரு சூட்கேசும் நிறைய வாயும் கொண்டு போனேன். சைக்கிளையும் சூட்கேசையும் வைக்க அவர்களிடம் இடம் இருந்தது. மாமா பாதி நாட்களுக்கு மேல் சவளக்கடை வயலில்தான் இருப்பார். வீட்டில் மாமியும் மனைவியும் நானும். மனைவியின் காக்கா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், ஜித்தாவில் வேலை செய்தார். அவர் அனுப்பிய கலர் டீவி முன் அறையில் பூப்போட்ட துணியால் முக்காடு போட்டு இருந்தது.

ஒரு முறை லீவில் வந்த ஒருவரிடம் மச்சான் ஒரு கொம்பியூட்டர் கொடுத்தனுப்பினார். இப்போதைய கொம்பியூட்டரை நினைக்க வேண்டாம். கீபோட் மட்டும்தான். அதை டீவியோடு ஒரு வயரால் கொழுவி, கெசட் ரேடியோவோடு இன்னொரு வயரால் கொழுவ வேண்டும். விளையாட்டுகள் சாதாரணப் பாட்டுக் கெசட் மாதிரியான கெசட்டில் இருக்கும். போட்டுவிட்டு, சின்ன விளையாட்டென்றால் ஒரு நிமிசம், பெரியதென்றால் ஏழெட்டு நிமிசம் காத்திருந்தால் கொம்பியூட்டர் அதை வாசித்து முடிக்கும். அதுவரைக்கும் 'கீ' என்றும் 'கர்' என்றும் ஒரு சத்தம் வரும். மாமி முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டு, "இதென்ன, ஜின்னு பல்லு வெளக்கிற மாதிரி" என்றார்.

கூடவே வந்தவை இரண்டு கெசட்டுகள். ஒன்றில் அறுபது விளையாட்டு. மற்றதில் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு பக்கத்திலும் பதிந்திருந்தது. ஒரு பக்கம் பழுதானால் மற்றது உதவும் என்று மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. முழுக் கெசட்டில் ஒரே விளையாட்டு, அதுவும் பழுதாகும் என்ற பயத்தோடு.

நான் அறுபதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அந்த எண்ணைத்தான் சொல்வேன். "அறுவது. பத்தில்ல, இருபதில்ல." உண்மையில் அதில் முப்பதுக்கு மேல் ஒரே விளையாட்டுதான். ஒன்றில் பறக்கிற தட்டைச் சுட வேண்டும், அடுத்ததில் வாத்தைச் சுட வேண்டும், அதற்கடுத்ததில் அதே வாத்து பச்சை நிறத்தில் வரும். நான் அதையும் வேறாகத்தான் எண்ணினேன்.

மனைவி அந்த ஒன்றை எடுத்தாள். அதில் சுடுவதற்கு ஒன்றுமில்லை. படமும் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறீர்கள். தீவில் அணைந்துபோன ஒரு வெளிச்சவீடு. அதன் உச்சிக்கு ஏறி விளக்கைக் கொளுத்தினால் விளையாட்டு முடியும். வடக்கே போ, பெட்டியைத் திற, கயிற்றை எடு என்று நாம் எழுத வேண்டும். அவள் கன்னியாஸ்திரிமாரிடம் இங்கிலீஷ் படித்தவள், வாசிப்பாள். நான் நீர்ப்பாசன இலாகாவில் கடிதம் டைப் அடிக்கிறவன், அதனால் கீபோட் எனக்கு. அவள் யோசிப்பாள், நான் அடிப்பேன். குடும்பத்தில் வேறு எந்த விசயமும் இவ்வளவு ஒழுங்காகப் பிரிக்கப்படவில்லை.

அவளுக்கு அப்போது ஏழாம் மாசம், தலைப் பிள்ளை. பாரம் தூக்க வேண்டாம், இடைக்கிடை இருந்து ஆறுங்க என்று மிட்வைஃப் சொல்லியிருந்தார். ஒரு நாள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "புள்ள பொறந்தா மறுகா இந்தப் பக்கம் வர நேரம் கெடைக்கா. அதுக்கு முந்தி மேல என்ன இரிக்கி எண்டு நான் பாத்திரணும்."

வரைபடம் என்றது அவளே போட்டது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இருபத்தேழு இடங்கள், ஒவ்வொன்றிலும் என்ன கிடக்கிறது, எந்த வாசல் எங்கே போகிறது, எல்லாம் பென்சிலில். விளையாட்டைப் பாதியில் நிறுத்திப் பத்திரப்படுத்தும் வசதி எங்களுக்குப் பிடிபடவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தீவில் ஒதுங்குவதிலிருந்து தொடங்க வேண்டும். அவள் படிப்படியாகக் குறித்து வைத்த கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கீழ்க் கதவின் பூட்டு துருப்பிடித்து நின்றபோது நான் உடை, தள்ளு, உதை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வினைச்சொல் எல்லாவற்றையும் அடித்தேன். விளங்கவில்லை, விளங்கவில்லை என்றே மறுமொழி வந்தது. அவள் நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள், கடற்கரையில் கிடந்த எண்ணெய்ப் போத்தலைப் பூட்டில் ஊற்றச் சொன்னாள். பாரமாயிருக்கிறது, போட்டுவிட்டுப் போவோம் என்று நான் நச்சரித்த அதே போத்தல். பூட்டு திறந்தது.

"ஒரு பூட்டுக்கு நாலு நாள்" என்றேன் நான். "இந்த நாலு நாளுக்குள்ள நான் அறுவதையும் ரெண்டு தரம் விளையாடிரிப்பன்."

"நாலு நாளும் நான் அதத்தான் யோசிச்சிட்டுத் தேங்கா துருவின. ஒங்கட அறுவதுல ஏதாவது ஒண்ட, டீவிய நிப்பாட்டின பொறகு யோசிச்சிரிக்கீங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பச்சை வாத்து ஞாபகம் வந்தது. அது எந்த விளையாட்டு என்று வரவில்லை.

"அதுக்கில்ல" என்றேன். "சாமான் கூடினா நல்லந்தானே."

"சோத்துக்கு அது சரி" என்று மாமி குசினிக்குள் இருந்து சொன்னார். அவர் யாருக்குச் சாதகமாகப் பேசினார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்படியே வெளிச்சவீட்டின் படிக்கட்டு முழுவதையும் ஏறியாயிற்று. உச்சியில் ஒரு கதவு மட்டும் மிச்சம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தனக்குப் பிடிபட்டுவிட்டது, வெள்ளிக்கிழமை பின்னேரம் பார்ப்போம் என்றாள். எட்டாம் மாசம் தொடங்கியிருந்தது.

அந்தக் காலத்தில் ஜித்தாவுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. கெசட்டில்தான் கதைத்து அனுப்புவோம். அங்கிருந்து ஒரு கெசட் வரும். வீடே கூடியிருந்து கேட்கும், மாமி இடைக்கிடை அழுவார், பிறகு அதே கெசட்டின் மேல் நாங்கள் கதைத்து, லீவு முடிந்து போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அவர் அதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே மறுமொழி கதைத்து அனுப்புவார். கிணற்று வாளி மாதிரி ஒரே கெசட் போய்வந்துகொண்டிருக்கும். ஜித்தாவிலிருந்து வருகிற கெசட்டின் மேல் கதைக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கே தெரிந்த வேலை, மூளையைக் கேட்க வேண்டியதில்லை. என் மூளையை வழக்கமாகவே யாரும் கேட்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் மனைவியும் மாமியும் சொந்தக்காரர் வீடொன்றுக்குப் போயிருந்தார்கள். மச்சானோடு வேலை செய்கிற பாலமுனைக்காரர் ஒருவர், டிரைவர், அடுத்த நாள் புறப்படுகிறார், ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி வந்து கெசட்டை எடுத்துக்கொண்டு போவார் என்று செய்தி வந்தது. நான் டீவிக்கு மேலே இருந்த மச்சானின் கெசட்டுப் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை எடுத்தேன். அரபியில் ஏதோ கிறுக்கியிருந்தது. எல்லாக் கெசட்டிலும்தான் கிறுக்கியிருக்கும். பதிகிற பொத்தானை அமர்த்தினேன், அது அமரவில்லை. பார்த்தால், மேல் பதியாமல் இருப்பதற்காகக் கெசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னத் தகடுகளையும் யாரோ உடைத்திருந்தார்கள். தன் குரலை நாங்கள் அழிக்கக் கூடாதென்று மச்சான் செய்த குறும்பு என்று நினைத்தேன். இதற்கெல்லாம் வழி தெரியாதவனா நான்? காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் இரண்டு துண்டு வெட்டி அந்த ஓட்டைகளை அடைத்தேன். நல்ல நேர்த்தியாகத்தான் அடைத்தேன்.

பிறகு கதைத்தேன். தனியே இருந்து, குறுக்கே பேச ஆளில்லாமல், ஒரு மனிதனுக்கு இப்படியொரு வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும். டிரைவர் வந்தபோது கெசட்டைக் கையில் கொடுத்தேன்.

பின்னேரம் மனைவி வந்து, கைகால் கழுவி, தொழுது, கொப்பியும் கலண்டர் தாளுமாக உட்கார்ந்தாள். நான் வயர்களைக் கொழுவி, வெளிச்சவீட்டுப் பெட்டியிலிருந்து கெசட்டைப் போட்டேன். கீ என்ற சத்தம் வரவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும், உம்மா, எல்லாரும் சொகமா இரிக்கீங்களா?" என்று மச்சானின் குரல் வந்தது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரேடியோவைப் பார்த்தேன். முந்தின நாள் இரவு மச்சானின் கெசட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டுத் திரும்ப வைக்கும்போது, இரண்டையும் பெட்டி மாற்றி வைத்தவன் நான்தான்.

"வெளிச்சவீடு எங்க?" என்று கேட்டாள்.

"பாலமுனைக்குப் போயிட்டு."

அவள் கையிலிருந்த கொப்பியை மூடினாள். "ஒரு பக்கம்தான் கதைச்சிருப்பன்" என்று நானே சொன்னேன். "மத்தப் பக்கத்துலயும் அதே விளையாட்டு இரிக்கிதானே. இந்தா, போய் எடுத்திட்டு வாறன்."

பஸ் நிந்தவூரிலும் அடுத்தடுத்த ஊர்களிலும் ஆட்களை இறக்கி ஏற்றி இறக்கி, அந்தப் பயணம் ஜித்தாவை விடத் தூரமாகத் தெரிந்தது. டிரைவர் வீட்டு முற்றத்தில் பயணப்பெட்டியைக் கயிற்றால் வரிந்து கட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். மனிதர் முகம் சுளிக்காமல் கயிற்றை அவிழ்த்தார். மாசிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில் இருந்து என் கெசட்டை எடுத்து, தன் ரேடியோவில் போட்டார். அவருடைய மனைவி பிளேன்டீ கொண்டு வந்தவர் அப்படியே கதவோடு நின்றுவிட்டார்.

முதல் பக்கம் என் குரல். மழை பெய்தது என்று சொன்னேன். எவ்வளவு பெய்தது என்றும் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் வேலியால் வந்த விதத்தை, ஆடு என்ன நினைத்திருக்கும் என்பதோடு சேர்த்து விவரித்தேன். டிரைவர் கெசட்டை மற்றப் பக்கம் திருப்பினார். நான் மனதுக்குள் துஆக் கேட்டேன்.

"ஆ, மச்சான், அந்த ஆட்டுட விசயத்த முடிக்கல்லதானே" என்றது ரேடியோ.

டிரைவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். "இந்தப் பக்கமும் நீங்கதான், தம்பி."

"ஓம்" என்றேன்.

அவர் நாடாவை ஓடவிட்டு நிறுத்தி, ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தார். நிறுத்திய இடத்திலெல்லாம் நான் இருந்தேன். கடைசி நிமிசத்தில், இன்னும் இடம் இருப்பதால் பஸ் நேரங்களைச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மறுகா அந்த ஆடு என்னாச்சி?" என்று டிரைவரின் மனைவி கேட்டார். என் வாழ்க்கையில் அந்தப் பேச்சுக்குக் கிடைத்த ஒரே ரசிகை.

கெசட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இனி அது வெறும் கடிதம்தான்.

வீட்டில் மனைவி அதே கதிரையில் இருந்தாள்.

"ரெண்டு பக்கமும்" என்றேன்.

"ரெண்டு பக்கமுமா?" என்றாள். "அப்பிடி என்னதான் கதைச்சீங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆட்டைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. ஆட்டைச் சொல்லும் நேரமும் அதுவல்ல. அவள் கலண்டர் தாளை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன், பகிடி ஏதாவது விட்டிருப்பேன். அவள் மடித்த விதத்துக்கு என்னிடம் பகிடி இருக்கவில்லை. உச்சிக்கதவுக்கு என்ன செய்ய நினைத்திருந்தாள் என்று கேட்டேன். "இனி என்னத்துக்கு?" என்றாள்.

மூன்று கிழமையில் மச்சானிடமிருந்து மறுமொழி வந்தது. "மச்சான், ஒங்கட கெசட்ட ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டன். தங்கச்சி சொகமா இரிக்கா எண்டு ஒரு இடத்துல சொன்னீங்க. அது நல்ல விசளம். மத்ததெல்லாம் மழ." நடந்ததை டிரைவர் போய்ச் சொல்லியிருக்கிறார். வெளிச்சவீடு விற்ற கடையை மூடிவிட்டார்களாம், வேறு எங்கேயும் கிடைக்கவில்லையாம். அதனால் அதைவிட நல்லதொன்று அனுப்பியிருக்கிறாராம். புதுக் கெசட்டில் நூற்றிப்பத்து விளையாட்டு.

நூற்றிப்பத்து. ஒரு மாசத்துக்கு முன்னால் என்றால் நான் தெருவில் இறங்கி அறிவித்திருப்பேன். இப்போது அதைக் கையில் பிடிக்கவே கூச்சமாக இருந்தது. மனைவி அதை ஒரு முறை பார்த்துவிட்டு, கொம்பியூட்டரோடு வந்த புத்தகத்தைக் கேட்டாள். அதன் முதல் பாதி அரபி, மற்றப் பாதி இங்கிலீஷ், ஒருவரும் திறக்காதது. கொம்பியூட்டருக்கு நாமே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அதில் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து அஸருக்குப் பிறகு அவள் சொல்ல நான் அடித்தேன். இதைத் திரையில் காட்டு, ஒரு மறுமொழி கேள், மறுமொழி இதுவென்றால் இந்த வரிக்குப் போ, இல்லையென்றால் அந்த வரிக்குப் போ. ஒரு புள்ளி தவறினாலும் ஏற்காது. அவளும் ஏற்க மாட்டாள். ஒன்பது இடம்தான் வைத்தாள். கடற்கரை, கிணறு, படிக்கட்டு, இப்படி. எழுத்து இங்கிலீஷ் எழுத்து, பேச்சு எங்கள் தமிழ்.

"ஒம்பதுதானா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அதுல இருபத்தேழு இருந்திச்சே."

"அதுல பதினெட்டு இடத்துல சும்மா நடக்கிற மட்டும்தான்" என்றாள். "அதெல்லாம் எடுத்திட்டன்."

முக்கியமான சில வரிகளை நான் பார்க்கக் கூடாதென்று, என்னை வெளியே அனுப்பிவிட்டு ஒற்றை விரலால் அவளே அடித்தாள். முடிந்ததும் அதைக் கெசட்டில் பதிய வேண்டும். வீட்டில் வெறும் கெசட் இல்லை, எல்லாவற்றிலும் மச்சானின் குரல். அவள் நூற்றிப்பத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தகடுகள் உடைந்திருந்தன. பிளாஸ்டர் எங்கே என்று என்னைக் கேட்டாள். இரண்டு பக்கத்திலும் பதிந்தாள்.

அவள் விளையாட்டை விளையாடக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். ஒன்பது இடமென்றால் ஒரு பின்னேர வேலை என்று உட்கார்ந்தேன். மூன்றாம் இடத்தில் வெளிச்சவீட்டுக் காவல்காரன் நின்றான். "என்ன விசளம்?" என்று சேதி கேட்டான். நான் கப்பல் உடைந்ததை எழுதினேன். "போய் யோசிச்சிட்டு வாங்க" என்று கடற்கரைக்கு அனுப்பினான். அடுத்த முறை கொஞ்சம் விவரமாக எழுதினேன். கடற்கரை. பேர், ஊர், தொழில், மாமனாரின் வயல் எல்லாம் எழுதினேன். கடற்கரை. மனைவி பக்கத்தில் இருந்து மாங்காய் தின்றுகொண்டு பார்த்தாள்.

"ஒரு சாடை சொல்லன், புள்ள."

"நாலு நாள் யோசிங்க."

நான் ஆறு நாள் யோசித்தேன். அலுவலகத்தில் கடிதம் அடிக்கும்போது யோசித்தேன், சைக்கிளில் யோசித்தேன், தொழுகையிலும் ஒரு தடவை யோசித்துப் பாவம் சேர்த்தேன். ஏழாம் நாள் அவளுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த நாள் காலையில் பெண் பிள்ளை. உள்ளே விட்டபோது நான் பிள்ளையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"ஏறிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் கீழதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நோகும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்திலாவது விடையைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவர்கள் வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில், ஒரு பின்னேரம், மனைவி கட்டிலில் சாய்ந்திருக்க, பிள்ளை அவளுக்குப் பக்கத்தில் தூங்கியது. நான் முன் அறையில் காவல்காரனுக்கு முன்னால். அவன் விசளம் கேட்டான். நான் ஒரு நீளமான மறுமொழியைத் தயார் செய்து விரல்களை மடக்கி நீட்டினேன். முதல் எழுத்தை அடிக்க முந்தியே மாமி அறை வாசலில் நின்று விரலை உதட்டில் வைத்தார்.

"டக்கு டக்கெண்டு அடிக்காதீங்க. புள்ள இப்பதான் கண்ண மூடின."

நான் கையை எடுத்தேன். எடுத்த கை அடுத்த வரிக்குப் போகிற பெரிய பொத்தானில் பட்டது. ஒரு எழுத்தும் எழுதாத மறுமொழி போனது.

"ஓ, கதைக்காம இரிக்கவும் தெரியுமா?" என்று எழுதினான் காவல்காரன். "வாங்க, மேல போங்க."

அதற்குப் பிறகு ஆறு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு திருகல் இருந்தது. ஒன்றில் எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது, சிரிக்க முடியவில்லை. உச்சிக்கதவு ஒரு தட்டோடு திறந்தது. விளக்கைக் கொளுத்து என்று ஒவ்வொரு எழுத்தாக, சத்தம் வராமல் அமர்த்தினேன். திரை முழுக்க மஞ்சள் ஆகியது. பெரிய கப்பல், புதையல், வாழ்த்துச் செய்தி, ஒன்றும் வரவில்லை. ஒரு வரி மட்டும் வந்தது.

"விளக்கு எரியிது. வெளிய ஆக்கள் எல்லாரும் வழி கண்டு வருவாங்க. நீங்க இனி தூங்கலாம்."

நான் எழும்பி மெல்ல அறைக்குள் போனேன். மனைவி கண் மூடித்தான் இருந்தாள்.

"ஏறிட்டன்" என்றேன், மிக மெல்லமாக.

மெல்லமாகச் சொல்வது எனக்கு அப்போது பழக்கமில்லாத வேலை. பிள்ளை முழித்துவிட்டது. மாமி குசினிக்குள் இருந்து என்னைப் பற்றி ஏதோ சொன்னார். மனைவி கண்ணைத் திறக்காமலே பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள்.

"மேல என்ன இரிந்திச்சி?" என்று கேட்டாள்.

"தூங்கலாம் எண்டு இரிந்திச்சி."

"ஓம்" என்று அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். "அது நான் எனக்குத்தான் எழுதின."